மொட்டை மாடி வண்டலில் நுண்விண்கல்: மூன்றாம் முயற்சியில் கிடைத்த மூன்று மணிகள்

ஒரு நூல் கிடங்கின் மொட்டை மாடியிலிருந்து அள்ளிய 9.4 கிலோ வண்டலில் மூன்று நுண்விண்கற்கள், அதாவது விண்வெளியிலிருந்து விழும்போது காற்றில் உருகி உருண்டையாக உறைந்த தூசி மணிகள், தேறின. பெரியது 0.31 மி.மீ., நடுவானது 0.28, சிறியது 0.22. மூன்றையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, உள்ளே என்னென்ன தனிமங்கள் என்று பார்த்து உறுதி செய்தாயிற்று. இதற்கு முன் இரண்டு முயற்சிகள் தோற்றன. அந்தத் தோல்விகளில்தான் விஷயம் அதிகம் இருப்பதால் அவற்றையும் சேர்த்தே எழுதுகிறோம்.

ஊருக்குள் இருக்கும் கூரையில் நுண்விண்கல் தேடுவது வீண் வேலை என்றுதான் நெடுங்காலம் கருத்து இருந்தது. கிடைக்கும் உருண்டைகள் எல்லாம் தொழிற்சாலைப் புகையும் வெல்டிங் பொறியும்தான் என்றார்கள். நார்வே நாட்டு ஜாஸ் கிட்டார் கலைஞர் யோன் லார்சன் அதை மாற்றினார். கூரைகளிலிருந்தும் கூரையோர வடிகால்களிலிருந்தும் சேர்த்த 300 கிலோ வண்டலில் 500 நுண்விண்கற்கள் இருந்ததை, லண்டன் ஆய்வாளர் மேத்யூ கெஞ்சுடன் சேர்ந்து 2017இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார். இந்தத் துகள் எல்லா ஊரிலும் ஒரேபோல்தான் விழுகிறது. ஓஸ்லோ கூரைக்கும் நம் ஊர் மொட்டை மாடிக்கும் உள்ள வித்தியாசம், அதோடு கலந்து கிடக்கும் குப்பை எது என்பதுதான்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று முதலிலேயே கணக்குப் போட்டுவிடுவது நல்லது. அண்டார்டிகாவின் கான்கார்டியா நிலையத்தருகே பனியை உருக்கி எடுத்த துகள்களை வைத்து 2021இல் வந்த மதிப்பீட்டின்படி, ஆண்டுக்கு 5,200 டன் விண்தூசி தரைக்கு வந்து சேர்கிறது. பூமியின் பரப்பு 51 கோடி சதுர கிலோமீட்டர். வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 10 மைக்ரோகிராம். 0.2 மி.மீ. விட்டமுள்ள ஒரு கல் உருண்டையின் எடை ஏறத்தாழ 12 மைக்ரோகிராம். அதாவது, எல்லாத் தூசியையும் உருட்டி ஒன்றாக்கினால்கூட, ஒரு சதுர மீட்டரில் ஆண்டுக்கு அப்படி ஒரு மணி தேறாது. ஆகவே சிறிய மாடி பயன்படாது. பெரிய மாடி வேண்டும், அதுவும் ஓரிரண்டு வருடம் யாரும் கூட்டாத மாடியாக வேண்டும்.

முதல் முயற்சி: வீட்டு மொட்டை மாடி

800 சதுர அடி, தட்டோடு பதித்த பழைய தளம். விளக்குமாறால் கூட்டி முறத்தில் அள்ளியது 6 கிலோ. இதில் மூன்று தவறுகள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன.

முதலாவது, அள்ளிய காலம். தீபாவளி முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. கம்பி மத்தாப்பு, புஸ்வாணம் இரண்டிலும் இரும்புத் தூள் உண்டு. எரியும்போது அது உருகிச் சொட்டாகி, காற்றிலேயே உருண்டையாக உறைகிறது. நுண்விண்கல் உருவாவதும் கிட்டத்தட்ட அதே முறையில்தான் என்பதால் தோற்றத்தில் ஏமாற்றிவிடும். இரண்டாவது, நான்கு வீடு தள்ளி ஒரு கிரில் பட்டறை. வெல்டிங் பொறியும் கிரைண்டர் பொறியும் காற்றில் எவ்வளவு தூரம் வருகின்றன என்பதை நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் புரிந்தது. மூன்றாவது, தட்டோடு. சுட்ட செங்கல்லிலும் ஓட்டிலும் இரும்பு ஆக்சைடு இருக்கிறது, காந்தம் அதை இழுக்கும். தளம் தேயத் தேய உதிரும் சிவப்புத் தூள் முழுக்கக் காந்தத்தில் அப்பிக்கொண்டது.

வண்டலைக் கழுவியபின் இரும்பு வாணலியில் வறுத்துக் காயவைத்தது இன்னொரு பிழை. வறுப்பதற்கு முன் ஒரு பிடியில் காந்தத்தில் ஒட்டியது எவ்வளவோ, வறுத்தபின் அதைவிட மிக அதிகம் ஒட்டியது. இலைச்சருகோடு சேர்ந்து சூடாகும் துரு, காந்தம் இழுக்கும் இரும்புத் தாதுவான மேக்னடைட்டாக மாறிவிடுகிறது. தேடும் பொருளைக் குறைக்க வேண்டிய கட்டத்தில் நாமே குப்பையைக் கூட்டுகிறோம். நிழலில், தாளின்மேல் பரப்பி இரண்டு நாள் விட்டால் போதும். அவசரம் என்றால் மின்விசிறி போடலாம், வண்டல் ஈரமாக இருக்கும்வரை மட்டும்.

இந்த 6 கிலோவில் 180 உருண்டைகள் பொறுக்கினோம். பளபளவென்று, கச்சிதமாக, கறுப்பாக இருந்தன. அத்தனையும் மனிதன் செய்தவை. அந்த 180ஐத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது மட்டும் சரியான முடிவு. எது விண்கல் இல்லை என்று கண் பழகுவதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

இரண்டாம் முயற்சி: மழைநீர் சேகரிப்புத் தொட்டி

தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். கூரைத் தண்ணீர் முழுக்க ஒரு வடிகட்டித் தொட்டியில் வந்து விழுகிறது. பல வருட வண்டல் ஒரே இடத்தில் சேர்ந்திருக்குமே என்ற யோசனை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு மூன்று மாடிக் குடியிருப்பின் தொட்டியிலிருந்து 38 கிலோ எடுத்தோம்.

கெடுத்தது ஆற்று மணல். வடிகட்டுவதற்காகத் தொட்டியில் ஜல்லி, மணல், கரி என்று அடுக்கியிருப்பார்கள். மேல் அடுக்கை மட்டும் வழித்தாலும் மணல் வந்துவிடுகிறது. ஆற்று மணலில் மேக்னடைட்டும், கார்னெட் என்ற செந்நிறக் கனிமமும் ஏராளம். மேக்னடைட் குருணை தண்ணீரில் உருண்டு உருண்டு வந்தது என்பதால் முனை மழுங்கி, இருபது மடங்கு உருப்பெருக்கத்தில் கறுப்பு உருண்டைபோலவே தெரியும். 38 கிலோவையும் கழுவி, சலித்து, காந்தமிட்டு, நாற்பது தட்டுகள் பார்த்தபின் நிறுத்திவிட்டோம். மணல் அடுக்குக்கு முன்னால் தனியாக ஒரு வண்டல் அறை கட்டியிருக்கும் தொட்டியாக இருந்தால் முயன்று பார்க்கலாம். அப்படிக் கட்டியவை குறைவு.

மூன்றாம் முயற்சி: எந்த மாடி, எந்த மாதம்

இந்த முறை மாடியைத் தேர்ந்தெடுப்பதற்கே ஒரு மாதம் செலவிட்டோம். கண்டுபிடித்தது ஒரு நூல் கிடங்கு. தளம் 4,500 சதுர அடி, அதாவது சுமார் 420 சதுர மீட்டர். மேலே வெள்ளைக் கூலிங் டைல்ஸ் ஒட்டி சரியாக இரண்டு வருடம். இதில் மூன்று லாபம்: மெருகு போட்ட டைல்ஸிலிருந்து தூள் உதிராது, வழவழப்பாக இருப்பதால் மழை எல்லாத் துகளையும் ஓரத்துக்குத் தள்ளிவிடும், எத்தனை வருடத்து வண்டல் என்பதும் தெரியும். சுற்றிலும் கிரில் பட்டறை இல்லை. அருகில் கல்யாண மண்டபமோ கோயிலோ இல்லாததையும் பார்த்துக்கொண்டோம். வாணவேடிக்கை நடக்கும் இடங்களுக்குப் பக்கத்தில் எடுப்பது வீண்.

அள்ளியது மே மாதக் கடைசியில். வடகிழக்குப் பருவமழை துகள்களை அடித்துக்கொண்டு வந்து குழாய் வாயில் குவித்திருக்கும், அதன் பிறகு நான்கைந்து மாதம் காய்ந்திருக்கும். போன தீபாவளிக் கழிவு மழையில் பாதியாவது போயிருக்கும். மழைக்கு முன் அக்டோபரில் எடுத்தால் தூசி அதிகம், கனமான துகள் குறைவு.

முழு மாடியையும் கூட்டத் தேவையில்லை. மூன்று இடங்கள் போதும்: வடிகுழாய் வாயைச் சுற்றி ஒரு மீட்டர், கைப்பிடிச் சுவரின் அடியோரம், சுவரோரம் காய்ந்து கிடக்கும் பாசி. பாசியை விட்டுவிடக் கூடாது. அது ஈரமாக இருக்கும்போது துகளைப் பிடித்துவைத்து, காய்ந்தபின் அப்படியே தகடுபோலப் பெயர்ந்து வருகிறது. நைலான் பிரஷ், பிளாஸ்டிக் முறம், மூடியுள்ள வாளி. இரும்புக் கரண்டியோ கொத்துக்கரண்டியோ கூடாது, சுரண்டும்போது அதிலிருந்தே துகள் விழும். புறா எச்சம் இருக்கும் மாடி என்றால் முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு அள்ள வேண்டும், என்-95 முகக்கவசமும் அவசியம்.

கழுவுதல்

ஒரு கிலோ வண்டலுக்கு 8 லிட்டர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம். கையால் நன்றாகக் கசக்க வேண்டும். களிமண் உறை போகாவிட்டால் நுண்ணோக்கியில் எல்லாத் துகளும் ஒன்றுபோலப் பழுப்பாகத்தான் தெரியும். கலக்கியபின் 20 செ.மீ. உயரத் தண்ணீரில் 20 நொடி பொறுத்து மேல்தண்ணீரை வடிக்கலாம். 0.15 மி.மீ. கல் துகள் தண்ணீரில் நொடிக்கு ஏறக்குறைய 2 செ.மீ. இறங்கும் என்பதால் பத்து நொடியில் அடியைத் தொட்டுவிடும். 20 நொடி என்பது போதுமான பாதுகாப்பு. சேறு மிதந்துகொண்டே இருக்கும், அதை ஊற்றிவிடலாம். தண்ணீர் தெளியும்வரை பத்துப் பன்னிரண்டு முறை இதையே செய்ய வேண்டும்.

பாசியும் வேர்த்துணுக்கும் இதில் போகாது. மருந்துக்கடையில் கிடைக்கும் 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றி ஒரு இரவு விட்டோம். நுரைத்துக்கொண்டு பெரும்பகுதி கரைந்துவிட்டது. மூடி போட்டு இறுக்கக் கூடாது, வாயு வரும்.

சுண்ணாம்புத் துணுக்குகளைக் கரைக்க ஆசிட் ஊற்றலாமே என்று தோன்றும். பாத்ரூம் கழுவும் ஆசிட் சுண்ணாம்பைக் கரைக்கும், கூடவே ஆலிவின் என்ற கனிமத்தையும் அரிக்கும். நாம் தேடும் மணிகளில் பெரும்பாலானவை ஆலிவின் படிகங்களால் ஆனவை. வினிகர்கூட வேண்டாம். மணியிலுள்ள உலோகத் துளிக்கு அது ஆகாது.

9.4 கிலோ, கழுவிக் காய்ந்தபின் 5.1 கிலோவாக நின்றது.

சல்லடை

ரவைச் சல்லடை, மாவுச் சல்லடை எல்லாம் முதல் முயற்சியில் போட்டுப் பார்த்தோம். கண் அளவு ஒன்றுபோல் இல்லை. மண் பரிசோதனைக்கு விற்கும் எட்டு அங்குலப் பித்தளைச் சல்லடைதான் சரி. பிஎஸ்எஸ் 36 என்பது 425 மைக்ரான், பிஎஸ்எஸ் 100 என்பது 150 மைக்ரான். இந்த இரண்டு போதும். ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் போடாமல் ஐந்து நிமிடம் தட்டிச் சலிக்க வேண்டும்.

425க்கு மேல் நின்றது 1.9 கிலோ, பெரும்பாலும் சிமெண்ட் துணுக்கு. 150க்குக் கீழே இறங்கியது 2.2 கிலோ. நடுவில் நின்ற 980 கிராம்தான் நமக்கு வேண்டியது.

150க்குக் கீழே நுண்விண்கல் இல்லையா என்றால், எண்ணிக்கையில் அங்கேதான் அதிகம். ஆனால் அங்கேதான் நிலக்கரிச் சாம்பல் உருண்டைகளும் குவிந்திருக்கின்றன. அனல்மின் நிலையச் சாம்பலை அரைத்துக் கலந்த பிபிசி சிமெண்டில்தான் இன்று பெரும்பாலான கட்டடங்கள் எழும்புகின்றன. சிமெண்ட் தேய்ந்தால் சாம்பல் உருண்டை வெளியே வரும். அவை பெரும்பாலும் 100 மைக்ரானுக்குக் கீழேதான் இருக்கும். 150 என்ற ஒரே சல்லடையில் அந்தத் தொல்லை பெருமளவு கழிந்துவிடுகிறது. நம் ஊர்க் கட்டடங்களுக்கு இந்த வெட்டு மிக முக்கியம்.

காந்தம் இரண்டு

முன்பு இரண்டு முறையும் வலுவான நியோடிமியம் காந்தத்தை நேராக வண்டலில் விட்டோம். இரும்புச் சீவலிலிருந்து செங்கல் தூள்வரை எல்லாம் தாடிபோல ஒட்டிக்கொண்டு, நடுவே இருப்பதைக் கண்டுபிடிக்க முடியாமல் போனது. மூன்றாம் முறை செய்த மாற்றம்தான் பலன் தந்தது என்று நினைக்கிறோம்.

கல் வகை நுண்விண்கல்லில் இரும்பு உலோகம் குறைவு. கண்ணாடிக்குள் பொடிப்பொடியாக இருக்கும் மேக்னடைட் படிகங்களால்தான் அது காந்தத்துக்கு அசைகிறது. வெல்டிங் உருண்டை மூன்று செ.மீ. தூரத்திலிருந்தே பாய்ந்துவந்து ஒட்டும். கல் மணியோ தயங்கித் தயங்கி நகரும். ஆகவே முதலில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய கறுப்பு ஃபெரைட் காந்தம். அதை பிளாஸ்டிக் பையில் போட்டு, பரப்பிய வண்டலுக்கு ஒரு செ.மீ. மேலே மெல்ல நகர்த்தினோம். பாய்ந்து ஒட்டியது 46 கிராம். அதைத் தனியே ஒதுக்கினோம். பிறகு 50 மி.மீ. அகலம், 10 மி.மீ. கனமுள்ள நியோடிமியம் வில்லை, இதுவும் பைக்குள்தான். வண்டலை ஒரே அடுக்காகப் பரப்பி, அதைத் தொட்டும் தொடாமலும் இழுத்தோம். இதில் வந்தது 61 கிராம். மூன்று மணிகளும் இந்த 61 கிராமில்தான் இருந்தன.

ஒதுக்கிய 46 கிராமில் இரும்பு வகை நுண்விண்கல் இருந்திருக்கலாம். அதை வெல்டிங் உருண்டையிலிருந்து கண்ணால் பிரிக்க வழியே இல்லை என்பதால் மனமறிந்து விட்டுவிட்டோம். முழுக்கக் கண்ணாடியாக உறைந்த சில மணிகள் எந்தக் காந்தத்துக்கும் அசையாது. அவற்றையும் இந்த முறை தவறவிடும்.

காந்தத்தைப் பைக்குள் போடாமல் வேலை செய்யவே கூடாது. ஒருமுறை நேராக ஒட்டிவிட்டால் வில்லையைச் சுத்தம் செய்வது ஒரு மணி நேர வேலை.

கொழித்தல்

அரிசியில் கல் பிரிக்க முறத்தைச் சாய்த்துக் கொழிப்பது எல்லா வீட்டிலும் தெரிந்த வேலை. அதையே ஒரு எவர்சில்வர் தட்டில் செய்தோம். பத்து டிகிரி அளவுக்குச் சாய்த்து, மேல் விளிம்பில் ஒரு சிட்டிகை போட்டு, விரலால் மெல்லத் தட்டினால் உருண்டை உருண்டோடும், கோணல் துகள் அங்கேயே நிற்கும். தட்டு ஈரமில்லாமல், எண்ணெய்ப்பசை இல்லாமல் இருக்க வேண்டும். இப்படி 61 கிராமிலிருந்து உருண்டோடியது 8 கிராம், நின்றது 53 கிராம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. மூன்று மணிகளில் இரண்டுதான் 8 கிராமில் இருந்தன. மூன்றாவது, பெரியது, எலுமிச்சம்பழம்போல இரு முனையும் சற்றுக் கூம்பிச் சொரசொரப்பாக இருந்ததால் உருளவே இல்லை. அது நின்ற 53 கிராமில்தான் கிடைத்தது. கொழிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும், ஆனால் அதை நம்பி மீதியைக் கொட்டிவிடக் கூடாது.

நுண்ணோக்கியில்

முதலில் வாங்கியது ‘1600 மடங்கு’ என்று பெட்டியில் அச்சிட்ட யூஎஸ்பி நுண்ணோக்கி. அதில் துகள் தெரியும், மேற்பரப்பின் இழைநயம் தெரியாது. நுண்விண்கல்லை அடையாளம் காண அந்த இழைநயம்தான் வேண்டும். பிறகு பழைய ஸ்டீரியோ நுண்ணோக்கி ஒன்று வாங்கினோம். தேடுவதற்கு 20 மடங்கு, சந்தேகம் வந்தால் 40 மடங்கு. வெளிச்சம் வட்ட விளக்காக இருந்தால் எல்லா உருண்டையிலும் ஒரு வெள்ளை வளையம் பிரதிபலித்து மேற்பரப்பை மறைக்கிறது. விளக்குக்கும் துகளுக்கும் நடுவே டிரேசிங் தாள் ஒரு துண்டு சுற்றியதும் அது சரியானது.

90 மி.மீ. பெட்ரி தட்டில் அரை கிராமுக்கு மேல் போடவேண்டாம். அதற்கே பல்லாயிரம் துகள் இருக்கும். அடியில் கட்டம் போட்ட தாளை ஒட்டிவிட்டு வரிசை வரிசையாகப் பார்த்தால் ஒரு தட்டுக்கு 25 நிமிடம். தட்டு கண்ணாடியாக இருக்க வேண்டும். ஏசி அறையில் பிளாஸ்டிக் தட்டில் வைத்திருந்த ஒரு நல்ல மணி, பிரஷ் அருகில் போனதும் நிலைமின்சாரத்தால் துள்ளிக் காணாமல் போனது. தரையைத் துடைத்துத் தேடியும் கிடைக்கவில்லை. பொறுக்குவதற்கு மூன்று சுழி (000) அளவுள்ள மெல்லிய பிரஷ், நுனி சற்றே ஈரமாக. சாமணம் ஆகாது, அழுத்தினால் கண்ணாடி மணி தெறித்துவிடும்.

எதை எடுப்பது, எதை விடுவது? கண்ணாடிபோல மின்னும், அப்பழுக்கில்லாத கறுப்பு உருண்டை என்றால் அநேகமாக வெல்டிங். பக்கத்தில் ஒரு ஓட்டை, உள்ளே காலி என்றால் அதுவும் அப்படியே, உருகிய இரும்பிலிருந்து வாயு வெடித்து வெளியேறிய இடம் அது. இரண்டு உருண்டை ஒட்டிக்கொண்டு இருந்தாலும், வால் நீண்டிருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். பச்சை, நீலம் கண்ணாடி என்றால் விட்டுவிடலாம்.

0.28 மி.மீ. மணியை முதலில் பார்த்தபோது அது அழகாகவே இல்லை. கருங்காப்பி நிறம், பழைய எருமைக் கொம்புபோல மங்கிய பளபளப்பு. நாற்பது மடங்கில் வைத்து வெளிச்சத்தைச் சாய்த்தபோதுதான் மேலே சீப்புப் பல்போல இணையான கோடுகள் தெரிந்தன. கோட்டுக்குக் கோடு இடையே கறுப்புக் கண்ணாடி, அதில் மினுக்கும் பொடிகள். ஒரு முனையில் மட்டும் ஒரு சின்ன வெள்ளி முகடு. அந்தக் கோடுகள் ஆலிவின் படிகங்கள், சில நொடிகளில் உருகி உறைந்ததால் அப்படிப் பட்டை பட்டையாக வளர்ந்தவை. முகடு இரும்பு-நிக்கல் துளி. காற்றில் வேகம் குறையும்போது கனமான உலோகம் முன்பக்கம் தள்ளப்பட்டு அங்கேயே உறைந்திருக்கிறது. அந்த மணி எந்தப் பக்கம் முகம் வைத்து விழுந்தது என்பதை அது காட்டுகிறது. வெல்டிங் பொறியில் இந்தப் பட்டையும் முகடும் சேர்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

படம் எடுப்பது தனி வேலை. இவ்வளவு சிறிய உருண்டையில் ஒரு படத்தில் ஒரு வளையம்தான் தெளிவாக விழும். குவியத்தை மேலிருந்து கீழே சிறிது சிறிதாக நகர்த்தி 40 படம் எடுத்து, இலவச மென்பொருளான பிக்கோலேயில் ஒன்றாகக் கோத்தோம்.

எலக்ட்ரான் நுண்ணோக்கி

8 கிராமில் 16 தட்டும், நின்ற 53 கிராமில் 20 தட்டும் பார்த்து 11 துகள்களைத் தேர்ந்தெடுத்தோம். அவற்றைக் கரிநாடா ஒட்டிய அலுமினியக் குமிழில் வரிசையாக வைத்து, ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பார்த்தோம். குமிழின் ஓரத்தில் ஊசியால் ஒரு கீறல் போட்டு, அதிலிருந்து எண்ணித் தாளில் வரைபடம் வரைந்துகொள்வது கட்டாயம். எலக்ட்ரான் படத்தில் நிறம் கிடையாது, எல்லாம் சாம்பல் நிற உருண்டைதான். எது எந்த எண் என்று பிறகு சொல்ல முடியாது.

முதல் அமர்வில் தங்கப் பூச்சு போடச் சம்மதித்தது எங்கள் தவறு. படம் அழகாக வரும், ஆனால் ஒவ்வொரு தனிமத்தையும் அது வெளியிடும் எக்ஸ்-கதிர்க் கோட்டை வைத்துத்தான் அடையாளம் காண்கிறோம், தங்கத்தின் கோடு கந்தகம், பாஸ்பரஸ் கோடுகளுக்குப் பக்கத்திலேயே விழுந்து அவற்றை மறைக்கிறது. நுண்விண்கல்லில் இரும்பு சல்பைடு இருக்கிறதா என்று பார்க்க முடியாமல் போனது. கரிப் பூச்சு கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பூச்சே இல்லாமல் குறைந்த வெற்றிடத்தில் பார்க்கும் வசதி இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்.

15 கிலோவோல்ட்டில், ஒவ்வொரு துகளிலும் மூன்று இடங்களில் அளவெடுத்தோம். உருண்டையான, மெருகு போடாத பரப்பில் சதவீதத்தை நம்பக் கூடாது, விகிதத்தைத்தான் பார்க்க வேண்டும். பட்டை ஆலிவின் மணியில் சிலிக்கானுக்கு மெக்னீசியம் அணு விகிதத்தில் 1.04, இரும்பு 0.6, அலுமினியம் 0.09, கால்சியம் 0.06. மெக்னீசியமும் சிலிக்கானும் ஏறக்குறைய சமம், அலுமினியமும் கால்சியமும் மிகக் குறைவு, சோடியமும் பொட்டாசியமும் உருகும்போதே ஆவியாகிப் போயிருக்கின்றன. மெக்னீசியம், சிலிக்கான், அலுமினியம், கால்சியத்தின் இந்த விகிதம்தான் காண்ட்ரைட் எனப்படும் கல் வகை விண்கற்களின் கையொப்பம். கல்லும் மண்ணும் சிமெண்டும் உருகி வந்த உருண்டையில் அலுமினியமும் கால்சியமும் தூக்கலாக நிற்கும். வெள்ளி முகட்டில் நிக்கல் தெளிவாக வந்தது.

பதினொன்றில் மூன்று இப்படித் தேறின. நான்கில் இரும்போடு மாங்கனீசும் டைட்டானியமும். சாதாரண வெல்டிங் ராடின் பூச்சில் டைட்டானியம் ஆக்சைடு உண்டு, அது அங்கிருந்து வந்தது. இரண்டு கால்சியம், அலுமினியம் மிகுந்த கசடு. ஒன்றில் பேரியம், பொட்டாசியம், அலுமினியம்: பட்டாசு. கடைசி ஒன்று வெறும் இரும்பும் ஆக்சிஜனும். இரும்பு வகை நுண்விண்கல்லும் அப்படித்தான் இருக்கும், கிரைண்டர் பொறியும் அப்படித்தான் இருக்கும். பிசினில் பதித்துப் பாதியாகத் தேய்த்து, உள்ளே நிக்கல் துளி இருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். அதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

செலவு

சல்லடை இரண்டு ₹2,300. நியோடிமியம் வில்லை ₹950. யூஎஸ்பி நுண்ணோக்கி ₹2,400, இது வேண்டாத செலவு. பழைய ஸ்டீரியோ நுண்ணோக்கி ₹9,000. வட்ட விளக்கு ₹850. பெராக்சைடு ₹90. எலக்ட்ரான் நுண்ணோக்கி இரண்டு அமர்வு ₹3,600. பிரஷ், கண்ணாடித் தட்டு, வாளி எல்லாம் சேர்த்து ₹400. மொத்தம் ₹19,590. ஒரு நல்ல ஸ்டீரியோ நுண்ணோக்கியை யாரிடமாவது இரவல் வாங்க முடிந்தால் பாதிச் செலவு போய்விடும். வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் சல்லடையில் பிடிக்கக் கூடாது.

அடுத்த முறை

மூன்று மணிகளும் சேர்ந்து ஏறக்குறைய 100 மைக்ரோகிராம். மேலே சொன்ன கணக்குப்படி 420 சதுர மீட்டரில் இரண்டு வருடத்துக்கு விழுந்திருக்க வேண்டியது 8,400 மைக்ரோகிராம். நூற்றில் ஒரு பங்குதான் கையில் சிக்கியிருக்கிறது. மீதியில் பெரும்பகுதி 150 மைக்ரானுக்குக் கீழே, இல்லையேல் மழையோடு குழாயில். குழாயில் போவதைக் குறைக்க, வரும் செப்டம்பரில் அதே மாடியின் நான்கு வடிகுழாய் வாயிலும் பிஎஸ்எஸ் 100 அளவுக்கு இணையான எவர்சில்வர் வலையைக் கிண்ணமாக வளைத்து வைக்கப்போகிறோம். வலை அடைத்துக்கொண்டால் மாடியில் தண்ணீர் தேங்கும் என்பதால் கிண்ணத்தின் விளிம்பு குழாய் வாய்க்கு 4 செ.மீ. உயரத்தில் நிற்கும்படி, மிகுதித் தண்ணீர் மேலாக வழிந்து போகட்டும் என்று ஏற்பாடு. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை யாராவது போய்ச் சருகை எடுக்க வேண்டும். கிடங்குக் காவலர் செய்துதருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அதுவரை செய்வதற்கு வேலை இருக்கிறது. உருளாமல் நின்ற 53 கிராமில் 10 கிராம்தான் பார்த்திருக்கிறோம், அதிலேயே பெரிய மணி வந்தது. இன்னும் 43 கிராம், 86 தட்டுகள், நாளும் இடமும் எழுதிய கண்ணாடிப் புட்டியில் இருக்கின்றன.